இடைவெளி இல்லாத சொல்

ராசம்மாவுக்கு அறுபது நிரம்பி ஓய்வு வயது வந்ததும் தேயிலைத் தோட்டத்து ஆபிசிலிருந்து கடிதம் வந்தது. குடும்பத்தில் ஒருவர் ‘தொடர்ச்சியாக’ வேலைக்குப் பெயர் பதிந்திருந்தால்தான் அவர்கள் குடியிருக்கும் லயத்துக் காமரா, அந்த வரிசை வீட்டு அறை, அவர்களுக்கு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். அந்த ஒற்றைச் சொல் மகள் சுதர்ஷினியின் கழுத்தைப் பிடித்தது.

அவளுக்குக் கொழும்பில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கட்டாரில் இருக்கும் தம்பி லோஜன் ஆறு மாதத்தில் வந்து பெயர் பதிவதாகச் சொல்லியிருந்தான். அந்த ஆறு மாத இடைவெளியைக் கேட்கத்தான் அவள் ஆபிசுக்குப் போனாள். உயர்தரப் பரீட்சையில் தமிழுக்கு ஏ எடுத்தவள், வாய் சும்மா இருக்குமா?

“தொடர்ச்சியா மழை பெய்யுதுன்னு சொல்றோம். நடுவுல கொஞ்சம் விடுறதில்லையாங்க ஐயா? ஞாயித்துக்கிழமை லீவு விட்டாலும், தொடர்ச்சியா வேல செஞ்சதாத்தானே எழுதுறீங்க?”

கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மழைக்கு லயத்துக் காமரா வேணாம் புள்ள. ஒங்கம்மா பேர வெட்டுற அன்னைக்கே இன்னொரு பேரு வரணும். அவ்வளவுதான்.”

எல்லாச் சொல்லுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற மனசு இருக்கிறது. ஆபிசுக்குள் போனால்தான் அது செத்துப்போகிறது. வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது, “நீ போ, நான் பாத்துக்கிறேன்” என்றாள் ராசம்மா. சுதர்ஷினி நம்பினாள். பெட்டியையும் கட்டினாள்.

திங்கள் காலை ரயிலுக்கு வட்டகொடை ஸ்டேஷனுக்கு இறங்கும் வழியில்தான் பெரட்டுக் களம். வேலைக்குப் பெயர் கொடுக்க ஆட்கள் கூடியிருந்தார்கள். கூட வந்த ராசம்மா அங்கே மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சனிக்கிழமையே ஒம் பேரக் குடுத்துட்டேன். வேற வழி தெரியல. தம்பி வர்ற வரைக்கும், ஆறு மாசந்தான்.”

சுதர்ஷினிக்கு ஆத்திரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

“நீங்க எத்தன மாசத்துக்கும்மா பேரு பதிஞ்சீங்க?”

ராசம்மா தரையைப் பார்த்தாள்.

“எங்கப்பா கால் ஒடிஞ்சு கெடந்தப்ப... மூணு மாசம்னு சொன்னாங்க.”

அது நடந்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

கங்காணி வீரய்யா பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் பதில் சொல்லிற்று.

“சுதர்ஷினி!”

கீழே ரயில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

“சுதர்ஷினி! இருக்கியா, வெட்டிரவா?”

அம்மா பிடித்த கையை விடவில்லை.

“இருக்கேன்” என்றாள் சுதர்ஷினி.

வீரய்யா அடையாளம் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.