உருளும் அலுங்கின் கடைசிக் கட்டம்

சூரியபிரகாஷ் உசிலம்பட்டியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். சனிக்கிழமை மட்டும் கடையைப் பூட்டிவிட்டு மதுரை பஸ் ஏறிவிடுவான். தல்லாகுளம் பக்கத்தில் கோர்ட்டுக் கட்டடத்தில் குழந்தைகளுக்கென்று ஓர் அறை உண்டு. அங்கே இரண்டு மணி நேரம் மகளைப் பார்க்க அவனுக்கு உத்தரவு இருந்தது.

மகள் முனீஸ்வரிக்கு ஒன்பது வயது. விவாகரத்துக்குப் பிறகு தாய் தமிழ்ச்செல்வியோடு இருந்தாள். முதல் சில வாரங்கள் அவள் அவனிடம் பேசவே இல்லை. கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். மற்ற நேரமெல்லாம் சுவரில் ஒட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் அவனும் உட்கார்ந்திருப்பான்.

ஒரு வாரம், கையில் வைத்து ஆடுகிற பழைய வீடியோ கேம் ஒன்றைச் சரிசெய்து கொண்டுபோனான். அதில் இருவர் சேர்ந்து ஆடுகிற ‘உருளும் அலுங்கு’ இருந்தது. அவள் டிவியில் விடாமல் பார்த்த கார்ட்டூன். உடம்பெல்லாம் செதில் மூடிய அலுங்கு பந்தாகச் சுருண்டு எதிரிகளை முட்டும். அதன் தோழி மைனா மேலிருந்து புளியங்கொட்டை வீசும். ரத்தம் கிடையாது, சாவு கிடையாது. அடிபட்ட எதிரி சோப்பு நுரையாகிப் பறந்துவிடுவான். நம் ஆள் விழுந்தால் தூங்கிப்போவான். கூட்டாளி வந்து உலுக்கினால் எழுந்துகொள்வான்.

“நான்தான் மைனா,” என்றாள் முனீஸ்வரி. அந்த அறையில் அவளாக வாய் திறந்தது அன்றுதான்.

அதன்பின் சனிக்கிழமைகள் ஓடின. அவன் அலுங்கு, அவள் மைனா. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து காடு, ஆறு, மலை என்று தாண்டினார்கள். “எந்திரிப்பா, எந்திரி,” என்று திரையில் அவனை உலுக்கிச் சிரிப்பாள். ஆட்டத்தின் நடுவே பள்ளிக்கூடக் கதையும் வரும், அம்மா வைத்த புளிக்குழம்பும் வரும்.

கடைசிக் கட்டம் புகைராஜாவின் கோட்டை. அதுவரை லாவகமாகப் பறந்த பிள்ளை அங்கே போனதும் முள்வேலியில் விழுந்துவிடுவாள். வாரா வாரம் அதே கதை.

“அடுத்த வாரம் பாப்போம்ப்பா.”

பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்தான். கடையில் ஆள் இல்லாதபோதெல்லாம் அந்தக் கோட்டையையே ஆடிப் பழகினான்.

சித்திரையில் தமிழ்ச்செல்விக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. கோர்ட்டும் அனுமதித்தது. இனி ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம், முழுப்பரீட்சை லீவில் பார்க்கலாம்.

கடைசிச் சனிக்கிழமை, ஜெயித்த சந்தோஷத்தோடு அவளை அனுப்பவேண்டும் என்று முடிவுகட்டி வந்திருந்தான். வழக்கம்போல மைனா வேலியில் விழுந்தது. எழுப்பப் போனால் வாய்ப்பு நழுவிவிடும் என்று அவளை அங்கேயே விட்டுவிட்டு அலுங்கை உருட்டினான். புகைராஜா நுரையாகிக் கலைந்தான். பாட்டு ஒலித்தது, திரை முழுக்கப் பூ கொட்டியது.

திரும்பிப் பார்த்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை.

“ஏம்ப்பா முடிச்ச?”

“உனக்காகத்தான் தாயி. எம்புட்டு வாரமா முடியாமக் கெடந்துச்சு.”

“எனக்கு முடிக்கத் தெரியும். பிரண்டு வீட்ல ரெண்டு தடவ முடிச்சிருக்கேன்.” உதட்டைக் கடித்துக்கொண்டாள். “முடிக்காம இருந்தா நீ திரும்ப வருவேல்ல.”

அவன் ஆட்டத்தை முதல் கட்டத்துக்குத் திருப்பினான்.

“முதல்லேர்ந்து ஆடுவமா?” என்று கேட்டான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். மீதி நேரம் அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தாள். அவன் அவள் முடியைக் கோதிக்கொண்டே இருந்தான்.

தமிழ்ச்செல்வி வாசலில் வந்து நின்றாள். அவன் விளையாட்டுப் பெட்டியை மகள் கையில் வைத்தான். அவள் திருப்பிக் கொடுத்தாள்.

“அங்க யாரு கூடப்பா ஆட?”

தமிழ்ச்செல்வி வேறு பக்கம் பார்த்தாள். “போய் எறங்குனதும் பேசச் சொல்றேன்,” என்று மட்டும் சொன்னாள்.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் போன் வந்தது.

“இங்க மழை விடவே இல்லப்பா.”

“குடை இருக்கா தாயி?”

“இருக்கு.”

பிறகு மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். அவளும் வைக்கவில்லை.