இருநூற்றுப் பதினான்காம் படம்

அன்று அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். சாய்மானம் உள்ள ஒரே நாற்காலியில் சித்தப்பா. ஜன்னலோர முக்காலியில் அக்கா, மடியில் கிழிந்த தலையணை உறை, கையில் ஊசி. பழைய கணினிக்கு முன்னால் நான். பிறகு எழுதிய கடிதத்திலும் இதையே முதல் பத்தியாக வைத்தேன். பின்னால் ஒருவரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்லக் கூடாது பாருங்கள்.

சித்தப்பா கொண்டுவந்தது ஒரு குறுந்தட்டு. பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அவருடைய படகில் போனபோது அக்கா எடுத்த பறவைப் படங்கள். அவற்றில் எட்டை அச்சுப் போட்டு, "போட்டிக்கு அனுப்பிடுங்க சித்தப்பா" என்று குறுந்தட்டோடு கொடுத்தாள். அனுப்பினார், தன் பெயரில். மீன்கொத்திப் படம் முதல் பரிசு வாங்கியது. அக்கா கேட்டதற்கு, "படகு என்னுது. பட்டனை அமுக்கினவங்க எல்லாம் கலைஞராம்மா? குருட்டுப் பூனை விட்டத்துல பாஞ்ச கதைதான் உன்னுது" என்றார். அந்த வாரமே அவள் கேமராவை விற்றாள். பிறகு ஒரு படம் எடுத்ததில்லை. அன்று நான் பதில் பேசவில்லை. பேசாததை மறக்கவும் இல்லை.

இப்போது அந்தப் போட்டியை நடத்திய புகைப்படச் சங்கமே அவருக்குத் தனிக் கண்காட்சி வைக்கிறது. சுவரளவுக்குப் பெரிதாக்க அச்சுப் படம் உதவாது, கோப்பு வேண்டும். கேமரா நிறுவனத்தையோ எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். அதன் கோப்புகளைத் திறக்க என் கிழட்டுக் கணினியை விட்டால் நாதி இல்லை.

"டேய், எட்டை மட்டும் ஜேபெக்கா மாத்திக் கொடு. மீதியெல்லாம் குப்பை."

"எல்லாத்துக்கும் வெறும் நம்பர்தான் இருக்கு சித்தப்பா. மொத்தத்தையும் மாத்தினாத்தான் எது எதுன்னு தெரியும்."

அது பொய். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கலாம். இந்த ஒன்றை மட்டும் கடிதத்தில் எழுதவில்லை.

"மாத்தேன். உனக்கு வேற என்ன வெட்டி முறிக்கிற வேலை?"

கோப்புகள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின. நூறு தாண்டுவதற்குள் சித்தப்பா தூங்கிவிட்டார். 213: மீன்கொத்தி, படகுக் கயிற்றில், வாயில் மீனோடு. 214: அதே கயிறு, அதைக் கட்டிய அதே முளை, கயிற்றுக்குக் கீழே சித்தப்பா. வாயைப் பிளந்துகொண்டு நல்ல தூக்கம். இரண்டு படங்களின் மூலையிலும் தேதியும் நேரமும். இரண்டுக்கும் நடுவே ஒன்பது விநாடி.

திரையை அக்கா பக்கம் திருப்பினேன். அவள் படத்தைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். அங்கேயும் அதே வாய், அதே பிளப்பு.

"சங்கத்துக்கு அனுப்பிடவா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வயசானவருடா."

"உனக்கும்தான் பதிமூணு வயசு கூடியிருக்கு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "இதையும் செவுத்தளவுக்குப் போடச் சொல்லு."

சித்தப்பா திடுக்கிட்டு விழித்தார். "முடிஞ்சுதா? எப்படி வந்திருக்கு?"

"தெளிவா வந்திருக்கு சித்தப்பா. யாரு எடுத்ததுன்னு பார்த்ததுமே தெரியும்."

"பின்னே? என் கையாச்சே!" எட்டுப் படங்களைப் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு எழுந்தார். "அந்தத் தட்டை நீயே வெச்சுக்க. எனக்கு எதுக்குக் குப்பை?"

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் சங்கத் தலைவருக்கு எழுத உட்கார்ந்தேன். யார் எங்கே உட்கார்ந்திருந்தோம், எந்தக் கோப்பிலிருந்து எந்தப் படம் வந்தது, எந்த நேரம் என்று வரிசையாக எழுதினேன். கடைசியில் ஒரு வரி: "தூங்கிக்கொண்டே படம் எடுப்பது தனித் திறமை என்று சங்கம் கருதினால், பரிசு அவரிடமே இருக்கட்டும்." 213, 214 இரண்டையும் அச்செடுத்துக் குறுந்தட்டோடு தபால் உறைக்குள் வைத்தேன்.

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பேனாவை வாங்கி, படம் எடுத்தவர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். உறைக்குப் பசை தடவி உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்ததும் அவள்தான்.

தபால் நிலையத்தில் கதவைச் சாத்தப் போனார்கள். அக்கா செருப்புக் காலை உள்ளே வைத்து, "பதிவுத் தபால் ஒண்ணு இருக்குங்க" என்றாள்.