குனிந்தால் விழும் கோடு

காந்தம் என்னும் முரட்டுச் சக்தி மனித விரலுக்கு அடிபணியப்போகும் பொன்னாள் இது என்று ஆராய்ச்சிக் கூடத்தின் இயக்குநர் நிபுணர் குழுவுக்கான வரவேற்புரையில் முழங்கினார். அந்த வரியை எழுதிக் கொடுத்த விஞ்ஞானி பசியோடு பின்வரிசையில் நின்றிருந்தாள். காலையில் அவசரத்தில் கைப்பையைக் கணவனின் காரிலேயே விட்டுவிட்டாள். சாப்பாடு அதில்தான் இருந்தது.

அவள் ஆராய்வது மூன்றே அணு தடிமனான ஒரு படலம். அதற்குள் இருக்கும் காந்தத்தின் திசையை, வெளிக்காந்தம் எதுவுமின்றி, சிறு மின்னழுத்தத்தால் புரட்டிக் காட்ட வேண்டும். புரண்டால் திரையில் கோடு கீழே விழும். புரளாவிட்டால், படலத்தை உறைகுளிரில் வைத்திருக்கும் அவளுடைய குளிர்கலம் மாடியிலுள்ள பேட்டரி ஆராய்ச்சிக் குழுவுக்குப் போய்விடும். அவர்கள் நேற்றே வந்து கதவின் அகலத்தை அளந்துவிட்டார்கள்.

பல மாதங்களாகக் கோடு தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. லிஃப்ட் மீது பழி போட்டாள். பேட்டரிக் குழுவின் மோட்டார்தான் காரணம் என்று மூன்று முறை புகார் எழுதினாள். "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்று மாடியிலிருந்து பதில் வந்தது. இன்று என்ன புண்ணியமோ, காலையிலிருந்து கோடு கிழித்த மாதிரி நின்றது. எல்லாம் தன் கைப்பக்குவம் என்று எண்ணிக்கொண்டாள்.

நிபுணர் குழுத் தலைவி திரைமுன் உட்கார்ந்தார். இயக்குநர் குளிர்கலத்தின்மேல் கவிழ்ந்து நுண்ணோக்கியில் கண் வைத்தார். கோடு பொத்தென்று விழுந்தது.

"பாத்தீங்களா மேடம்! நான் கிட்ட வந்ததுமே திரும்பிடுச்சு!"

"இன்னும் வோல்டேஜே குடுக்கலியே?" என்றார் தலைவி.

இயக்குநர் நிமிர்ந்தார், கோடு எழுந்தது. மறுபடி குனிந்தார், விழுந்தது. பெரிய மனிதரைக் கண்டு கும்பிடு போடுவதுபோல் இருந்தது.

அவள் பார்வை அவர் மார்பில் நின்றது. அத்தனை பட்டங்களும் ஏறவேண்டும் என்பதற்காக உள்ளங்கை நீளத்துக்குப் பெயர்ப்பட்டை. மேலங்கித் துணி ஓட்டையாகிவிடும் என்று ஊசிக்குப் பதிலாகப் பின்னால் காந்தம்.

"சார், அந்தப் பட்டையைக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கும்மா? நான் யாருன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"அவங்களுக்குத் தெரியும் சார். படலத்துக்குத் தெரியாம இருந்தாப் போதும்."

தலைவி இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார். முகத்தில் ஈயாடாமல் இயக்குநர் பட்டையைக் கழற்றினார். அது கதவருகே இருந்த இரும்பு அலமாரியில் போய் 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது.

அவள் மின்னழுத்தப் பொத்தானைத் தலைவியிடமே கொடுத்தாள். "நீங்களே அமுக்குங்க மேடம்."

அமுக்கினார். கோடு விழுந்தது. எதிர்ப் பொத்தானை அமுக்கினார். எழுந்தது. விழுந்தது, எழுந்தது, விழுந்தது. லிஃப்ட் பொத்தானைக் கண்ட குழந்தைபோல் தலைவி கையை எடுக்கவே இல்லை.

"மூணு அணு! சொன்ன பேச்சைக் கேக்குதே! எங்க வீட்டுல ஒருத்தரும் கேக்கறதில்லையே!" என்று எழுந்து நின்று கைதட்டினார். "இந்தக் குளிர்கலத்தை யாரும் தொடக் கூடாது. இன்னொண்ணும் வாங்கிக் குடுங்க."

கைதட்டல் கேட்டு எட்டிப்பார்த்த பேட்டரிக் குழுத் தலைவர் அவள் கையைக் குலுக்கினார். "ஜெயிச்சுட்டீங்கம்மா. இனிமேலாவது எங்க மோட்டாரை மன்னிச்சுடுங்க."

"போனாப் போகுது" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள்.

சாயங்காலம் கணவன் கைப்பையோடு வந்தான். "மகாராணி இன்னிக்கும் பட்டினியா?"

"உலகத்தையே புரட்டிட்டு நிக்கிறேன், சோத்தைப் பத்திப் பேசறீங்க" என்றபடி பையை வாங்கி, பல மாத வழக்கப்படி குளிர்கலத்துக்கு அடியிலிருந்த கொக்கியில் மாட்டினாள். சாப்பாட்டை எடுக்கத் திறந்தாள், மூடினாள்.

திரையில் கோடு எழுந்தது, விழுந்தது.

அந்தப் பையின் வாயை மூடுவது காந்தம்.