கழிவறைக்குள் ஒரு ஆடு

எங்கள் சபைச் செயலாளருக்கு ‘சட்டம்’ என்று பட்டப்பெயர். அவர் காதுபடவே அப்படித்தான் கூப்பிடுவோம். அதில் அவருக்குப் பெருமைதான். ஓய்வுநாளில் கருவியைத் தொடுகிறவன் நான்கு வாரம் சபைக்கு வெளியே என்று விதி எழுதியவர் அவர். அதற்கு முதல் ஆளாகக் கை தூக்கியவர் பூட்டு ரிப்பேர்காரர். வாரம் முழுக்க யார் யார் வீட்டுக் கதவுகளோடோ மல்லுக்கட்டியவருக்கு ஒருநாளாவது மூச்சுவிட வேண்டியிருந்தது.

அன்றைய ஓய்வுநாளில் ஆராதனை முடிந்ததும் சட்டம் மாடிக் கழிவறைக்குப் போனார். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது.

மூப்பர்கள் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு அவசரக் கூட்டம் கூட்டினார்கள்.

“கதவை உடைச்சிடலாமா?” என்றார் போதகர்.

“உடைக்கிறதும் வேலைதான். மூணாவது பிரிவைப் பாருங்க,” என்று உள்ளிருந்து சட்டத்தின் குரல் வந்தது.

“ஓய்வுநாள்ல குழியில விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம்னு வேதத்துலயே இருக்கே,” என்றார் மூத்த மூப்பர்.

“அது குழி. இது மாடி,” என்றார் பொருளாளர்.

“கழிவறையில குழி இருக்குமே?”

“அவர் அதுல விழலையே!”

குழி விஷயத்தை ஒத்திவைத்துவிட்டு ஆட்டுக்கு வந்தார்கள். மூத்த மூப்பர் கதவில் வாய் வைத்து, “தம்பி, நீங்க ஆடுதான்னு எழுதிக் கொடுத்தா தீர்மானம் போட்டுடலாம்,” என்றார். கதவின் அடியில் தாளும் பேனாவும் போயின. பேனா கருவியா இல்லையா என்று பொருளாளர் கேட்க, அதில் கால்மணி நேரம் கழிந்தது.

“சரி, வாயால சொல்லட்டும்.”

உள்ளிருந்து, “மே...” என்று ஈனஸ்வரத்தில் ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

கீழே கணவரைத் தேடிக்கொண்டிருந்த சட்டத்தின் மனைவி அப்போதுதான் படியேறி வந்தார். “ஐயோ, காலையில இன்சுலின் போட்டுட்டு வெறும் வயித்தோட வந்தாருங்க!”

பூட்டு ரிப்பேர்காரர் ஒரே ஓட்டமாக இறங்கி, வண்டிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவரோடு திரும்பினார்.

“நாலு வாரம்!” என்று பொருளாளர் எழுந்தார்.

“எட்டு வாரமாவே போட்டுக்கங்க. நாற்காலிய எடுங்க முதல்ல.”

இரண்டு நிமிடத்தில் கதவு கழன்றது. வியர்வையில் தொப்பலாக நனைந்து, சுவரோரம் சரிந்து கிடந்தார் சட்டம். மனைவி சர்க்கரைத் தண்ணீரை வாய்க்குள் புகட்டினார். மெல்லக் கண் திறந்தவர், “தீர்மானம் நிறைவேறிச்சா?” என்றார்.

“இல்லண்ணே. நான் நடுவுலயே திறந்துட்டேன்.”

“அப்ப நாலு வாரம்தான்,” என்றவர், ரிப்பேர்காரரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த வாரம் ஆராதனை நேரத்தில் ரிப்பேர்காரர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். சட்டம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“உள்ள போகலையா?”

“விதியை மாத்தணும். அதுக்குக் கூட்டம் போடணும். கூட்டம் போடறதும் வேலையாச்சேன்னு யோசிக்கிறேன்.”

மறுவாரம் சட்டத்தின் மனைவி வந்து உட்கார்ந்தார். மூத்த மூப்பரும் சேர்ந்துகொண்டார். மூன்றாவது வாரம் நாங்கள் எல்லோருமே படியில்தான். நான்காவது வாரம், பொருளாளருக்கு மட்டும் பிரசங்கம் செய்து அலுத்துப்போன போதகர், வேதப்புத்தகத்தோடு வெளியே வந்து, “கொஞ்சம் நகருங்க,” என்றார்.