ஊதா நிறக் கொய்யாக் கன்றுகள்

கடப்பாக்கம் சாலையோரம் ரேணுகா நர்சரி வைத்திருந்தாள். தொண்ணூற்றெட்டாம் வருடம் ஆடி மாதத்தில், அங்கிருந்த அறுநூறு கொய்யாக் கன்றுகளின் இலைகள் ஊதாவாகிவிட்டன. கல்பாக்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நரசிம்மன், செய்யூர்ப் பக்கம் வாங்கிய நிலத்துக்காகச் சொல்லிவைத்த கன்றுகள் அவை. இரண்டு நாளில் எடுத்துப்போக வருகிறார்.

"ஊதா இலைய கிள்ளிப் போட்டுட்டு குடுத்துடு மே. அவருக்கு இன்னா தெரியப்போவுது?" என்றான் கணவன் பார்த்திபன்.

ரேணுகா ஒரு கன்றின் பையைக் கிழித்தாள். ஒரு மாதம் முன்பு தூவிய சூப்பர் பாஸ்பேட் உரம் சாம்பல் நிறக் குருணையாக மேல்மண்ணிலேயே கிடந்தது. கீழே வேர் நூலாக மெலிந்திருந்தது. பை நிரப்பிய அன்று கடையில் சூப்பர் இல்லை. வெறும் மண்ணும் எருவும் போட்டு நிரப்பிவிட்டாள். பிறகு மேலே தூவினால், யூரியா மாதிரி தண்ணீரோடு இறங்கிவிடும் என்று நம்பியிருந்தாள். அது போட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

நரசிம்மன் வந்ததும் முதலில் அதைத்தான் சொன்னாள்.

"நோய் இல்ல சார். என் தப்பு. வேருக்குச் சத்து போவல. மண்ண மாத்தி வெச்சா ரெண்டு மாசத்துல தேறிடும்."

"ஐப்பசி மழைக்கு முன்னாடி நடணுமேம்மா. அதுக்குள்ள தேறலேன்னா என்ன பண்றது? வேற எங்கயாவது பார்க்கிறேன்."

வெறும் வண்டியோடு திரும்பினார்.

மறுநாள் ரேணுகா புது மண்ணைக் கொட்டி, சூப்பரைப் போட்டுக் கிளறத் தொடங்கினாள்.

"அத்தினியும் மாத்தணுமாக்கா?" என்றாள் கூட வேலை செய்யும் எல்லம்மாள்.

"அத்தினியுந்தான்."

எட்டு நாள் ஆனது. நாலாம் நாள் பார்த்திபனும் வந்து உட்கார்ந்து பை நிரப்ப ஆரம்பித்தான். வேர் அறுந்து நாற்பது கன்றுகள் பட்டுப்போயின. மற்றவை மூன்று வாரம் அப்படியே நின்றன. பிறகு ஒரு காலையில் எல்லம்மாள்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, துளிர் வந்துகினு கீது!"

பச்சைத் துளிர். ரேணுகா ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள்.

புரட்டாசியில் நரசிம்மன் மறுபடி வந்தார். வேறு இரண்டு நர்சரி பார்த்தாராம், மனசு ஒப்பவில்லையாம். ஒரு கன்றைத் தூக்கிப் பார்த்தார்.

"அடியில இன்னும் ஊதாவா இருக்கே?"

"பழைய இலை அப்டியேதான் சார் கீது. மேல பாருங்க."

பார்த்தார். அன்று மாலையே ஐந்நூற்று அறுபது கன்றுகளும் வண்டியேறின.

"அடுத்த வருஷம் சப்போட்டா வேணும்," என்றார் கிளம்பும்போது.

"இப்பவே சொல்லிட்டீங்க இல்ல சார், பை நெரப்பறப்பவே சூப்பர் கலந்து வளத்துத் தரேன்," என்று சிரித்தாள் ரேணுகா.