நாற்பது விநாடி

கதவைத் திறந்து மூடிய இரண்டாவது நிமிடத்தில், குறைமாதக் குழந்தைகளுக்கான அந்த இன்குபேட்டருக்குள் தனியாக வைத்திருந்த தெர்மாமீட்டர் முப்பத்தெட்டைத் தாண்டியது. பெட்டியின் சொந்தத் திரை மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி முப்பத்தாறரை காட்டியது. மூன்றாவது முறையும் அப்படியே.

மேலாளர் பேனாவை மூடினார். "கம்ப்யூட்டர் மாடல்ல எல்லாம் சரியா வருது. அப்போ சர்க்யூட் போர்டுலதான் கோளாறு."

"இருக்கலாம் சார். மறுபடி பாக்கறேன்," என்றார் சர்க்யூட்காரர். மூன்று வாரமாகப் போர்டும் கையுமாக இருந்தவர். வாதாடத் தெரியாது.

பக்கத்தில் நின்ற இன்ஜினியர் பெண் தன் மேசைக்குத் திரும்பினாள். மாடல் அவள் எழுதியது. வெப்பம் தண்ணீர் போல நிற்காமல் ஏறி இறங்கும். ஹீட்டரை இயக்கும் சிப்புக்கோ 'போடு', 'நிறுத்து' என்று இரண்டே பேச்சு. இரண்டையும் கம்ப்யூட்டருக்குள் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதுதான் அவள் வேலை; எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அதிலிருந்துதான் சிப்புக்குப் போகும். அவள் எழுதும் கம்ப்யூட்டர் மொழியில், வெப்பத்தை அளக்கும் சென்சாருக்கு ஒரு 'கிளாஸ்', அதாவது ஒரு அச்சு, ஒருமுறை எழுதிவிட்டால் போதும், அதிலிருந்து வரும் ஒவ்வொரு சென்சாரும் அதே குணத்தோடு பிறக்கும். அந்த முதல் கிளாஸை அவள் ஐந்து வருடமாகத் திறக்கவில்லை.

மொத்தம் பதினோரு வரி. வெப்பம் எவ்வளவோ, அதை அந்தக் கணமே சிப்பிடம் சொல்லிவிடும் சென்சார். உலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. மேலே அவளே எழுதிவைத்த குறிப்பு: 'தாமதம் பிறகு சேர்க்கவும்.' உண்மையான சென்சார் எடுத்துக்கொள்ளும் நாற்பது விநாடியைச் சேர்த்து ஓட்டினாள். திரையில் வெப்பக் கோடு முப்பத்தெட்டைத் தாண்டி வளைந்தது. சென்சார் தாமதமாகச் சொல்லும் வரை ஹீட்டர் நிற்கவே இல்லை. வாயை மூடிக்கொண்டு திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் ஒரு கணம் தோன்றாமல் இல்லை.

சர்க்யூட்காரர் போர்டைப் பிரிக்க சால்டரிங் அயர்னைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, எதையும் கழட்டாதீங்க. தப்பு என் மாடல்ல."

அவர் சிரித்துக்கொண்டே போர்டைத் தடவிக்கொடுத்தார். "காலைலேர்ந்து இதைப் போய்த் திட்டிட்டிருந்தேன், பாவம்." பிறகு சிரிப்பு நின்றது. "ஏம்மா, நாம வித்த பழைய ரெண்டு வகைப் பெட்டிக்கும் இதே சென்சார் கிளாஸ்தானே?"

"ஆமாண்ணா."

மேலாளர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பழைய சோதனைக் கோப்பைப் புரட்டினார். பழைய பெட்டிகளைக் கதவு மூடியே சோதித்திருந்தார்கள். வார்டில் அரைமணிக்கு ஒருமுறை கதவு திறக்கும்.

"புதுசுல திருத்திடுங்க. பழசைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லத் தெரிஞ்சவங்க யாரும் அதுக்குள்ள படுக்கலையே சார்."

அவர் இழுப்பறையைத் திறந்து பழைய பெட்டிகளை வாங்கிய ஆஸ்பத்திரிகளின் பட்டியலை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "நீங்களே பேசுங்க. இதனால உங்க வேலை போனா, என்னோடதும் சேர்ந்துதான் போகும்."

முதல் எண்ணை அழுத்தினாள். சர்க்யூட்காரர் ஒரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மணி ஐந்தாறு முறை அடித்தது. யாரோ எடுத்தார்கள். குரல் வருவதற்கு முன்னால் எங்கோ ஒரு கதவு மூடும் சத்தமும், அதன் பின்னால் நூல் மாதிரி மெலிந்த ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

"குழந்தைங்க வார்டு. சொல்லுங்க."