கழுத்தில் வாசித்த கட்டி

பெயிண்ட் தொழிற்சாலையில் சேர்மானம் வாசிப்பவருடைய கழுத்துக் கட்டி, ஒரு புதன்கிழமை காலை அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது, அவர் குரலிலேயே ‘பெருகு, பெருகு’ என்று வாசிக்கத் தொடங்கியது. முதலில் சோப்பு இரண்டானது. அதில் யாருக்கும் குறையில்லை. நாற்காலிக்கு ஐந்தாவது கால் முளைத்த பிறகுதான் மனைவி அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

அந்தத் தொழிற்சாலையின் வழக்கம் இது. ஒருவர் ஏட்டைத் திறந்து, எதை எவ்வளவு கலப்பது என்ற சேர்மானத்தை வாசிப்பார். ஆட்கள் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எதிரே நிற்பவர் ‘போதும்’ என்றால்தான் கை நிற்கும். வாசித்த இவர் தம்பி, ‘போதும்’ சொன்னவள் இவருடைய அக்கா. ஒரே ஒரு சொல்லுக்கு எதற்குச் சம்பளம் என்று முதலாளி அக்காவை வீட்டுக்கு அனுப்பினார். அன்றிலிருந்து தொட்டிகள் பொங்கி வழிந்து புகைந்தன. அந்தப் புகையைத் தம்பி ஆறு வருஷம் மூச்சாக இழுத்தார். முகமூடி கேட்டதற்கு, ஏட்டை மூக்கை ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார்கள்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஓர் ஏடு உண்டு. எந்தப் பக்கத்தை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று பார்த்துக்கொள்ளப் படியெடுப்புக் காரணிகள் என்ற ஆட்களும் உண்டு. இவர் கழுத்தில் ‘பெருகு’ பக்கத்தைத் திறந்தவன் கையை எடுக்கவில்லை. மூட வேண்டியவனைப் புகை பொசுக்கிவிட்டது.

“உள்ளேயும் எங்க அண்ணியை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு சொல்லுங்க,” என்றாள் மனைவி.

அக்கா வந்து கட்டிலருகே உட்கார்ந்து நாற்பத்தொரு நாள் ‘போதும்’ சொன்னாள். நாற்காலி கேட்டது, சோப்பு கேட்டது, கட்டி கேட்கவில்லை. கேட்கிற காதே கருகிப்போன இடத்தில் யார் சொல்லி என்ன? நாற்பத்திரண்டாம் நாள் தம்பி செத்துப்போனார்.

கட்டியின் குரல் சாகவில்லை. எட்டு மணிச் சங்கு ஊதியதும் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டது.

தொழிற்சாலையில் முதலில் பெருகியது கழிப்பறை. ஆட்கள் பதினோரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. பிறகு கதவில்லாத அறைகள், அவற்றின் முதுகில் வேறு அறைகள், எருக்கஞ்செடிபோல் கண்ட இடமெல்லாம் புகைபோக்கிகள். அவை முதலாளியின் அறையை நான்கு புறமும் நெருக்கியபோது அவர் ஜன்னல் வழியாகக் குதித்து அக்கா வீட்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

“ஒரே ஒரு வார்த்தைம்மா. வந்து சொல்லிட்டுப் போயிடு.”

“அந்த ஒரு வார்த்தைக்கு எதுக்குச் சம்பளம்னு கேட்டீங்களே. நீங்களே சொல்லிக்கோங்க.”

“அது என் வீட்டுக்காரர் குரல்,” என்றாள் தம்பி மனைவி உள்ளேயிருந்து. “ஒரு நாள் லீவு போடாத மனுஷன். நாங்க தடுக்க மாட்டோம்.”

முதலாளி திரும்பிப் போய்க் கட்டடத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்த வாய்க்குப் பழக்கமில்லாத சொல். பாதிக்கு மேல் வரவில்லை.

இப்போது கட்டடம் பெரிய சாலையைத் தாண்டிவிட்டது. பேருந்து சுற்றிக்கொண்டு போகிறது; பதினேழாம் புகைபோக்கிக்கு நடத்துனர் டிக்கெட்டும் கொடுக்கிறார். முதலாளி தினமும் எட்டிலிருந்து ஐந்துவரை வாசலில் நின்று அந்தச் சொல்லைப் பழகுகிறார். சம்பளம் கிடையாது.